மனசும் உடம்பும் – 14: தடைக்காலத்து யோசனை

ஏப்ரல் 15 வந்துவிட்டால் புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டுவிடும். ஜூன் 14 வரை கடலுக்குப் போக முடியாது. முன்பு 45 நாளாக இருந்த தடை, 2017 முதல் 61 நாள். மீன் இனம் பெருக அது வேண்டியதுதான். ஆனால் அரியாங்குப்பம், வீராம்பட்டினம் பக்கம் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் வீட்டை நினைத்துப் பாருங்கள். வருமானம் நின்றுவிடும், குழுக்கடன் தவணை நிற்காது. தடை முடிகிற நேரத்தில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும்.

இந்த வீடுகளில் கவலை உடம்பு வழியாகத்தான் வெளியே வருகிறது. தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். தவணைக் கணக்கை யாரிடமும் சொல்வதில்லை, பெரும்பாலும் அந்தக் கணக்கை மனசில் சுமப்பவர் வீட்டுப் பெண்.

முகத்துவாரத்து மணல்மேட்டில் படகு தட்டும்போது உடம்பு என்ன செய்கிறது? அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. உயிர் பிழைக்க அந்த வேகம் வேண்டும். ஆபத்து விலகினால் எல்லாம் அடங்கிவிடும். கடன் அப்படி விலகுவதில்லை. உடம்பு மாதக்கணக்கில் அதே விறைப்பில் நிற்கிறது. தூக்கம் கெடுகிறது, ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் கட்டுக்குள் வைப்பது கடினமாகிறது.

இங்கே பலருக்குக் கைக்கெட்டும் மருந்து சாராயம். குடித்தால் தூக்கம் வருகிறது என்பது பாதி உண்மைதான். முன்னிரவில் தூக்கத்தைக் கொடுத்துப் பின்னிரவில் அதையே உடைத்துவிடும். மறுநாள் பதற்றம் கூடும். போதாததற்குக் கையிலிருந்த காசும் போயிருக்கும். ஆனால் பல வருடமாக தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம். அவர் டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

சரி, என்னதான் செய்வது? கவலைப்படாதே என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடன் இருக்கிறவரிடம் அதைச் சொல்வது கொடுமை. கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கலாம். 1983-ல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரைமணி. மற்ற நேரத்தில் கவலை எழுந்தால் அந்த அரைமணிக்குத் தள்ளிவைக்க வேண்டும். அப்படிச் செய்தவர்கள் கவலையில் கழித்த நேரம் குறைந்தது. சாயங்காலம் திண்ணையில், கணவனும் மனைவியுமாக, ஒரு நோட்டோடு உட்காரலாம். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், யாரிடம் தவணை தள்ளிக் கேட்கலாம் என்று எழுதுங்கள். நாளைக்கே செய்யக்கூடிய வேலையாக மாறுகிற கவலை தனியாகப் பிரிந்துவிடும். படுக்கையில் மட்டும் அந்த நோட்டைத் திறக்காதீர்கள்.

தடைக்காலம் தேதி சொல்லிவிட்டு வரும் கஷ்டம். சேமிப்பும் நிவாரணமும் சேர்ந்த அரசுத் திட்டத்தின் அடிப்படையே இதுதான்: மீன்பாடு உள்ள மாதங்களில் மீனவர் கட்டும் தொகையோடு அரசுப் பங்கும் சேர்ந்து, இல்லாத மாதங்களில் கைக்கு வரும். ஜனவரியிலேயே பதிவும் வங்கிக் கணக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால், ஏப்ரலில் பாதித் தூக்கமாவது மிஞ்சும். புயல் அப்படி வருவதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறவர்களுக்குக் கணக்கு நோட்டு உதவாது, மூச்சு உதவும்.

ஜிப்மர் மருத்துவமனையில் 2008-ல் யோகா சிகிச்சைக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். அங்கே ரத்த அழுத்த நோயாளிகளை நிமிடத்துக்கு ஆறு மூச்சு வீதம், ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சுவிடச் செய்து பார்த்தபோது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அப்போதே இறங்கின. ஐந்து எண்ணும் நேரம் இழுங்கள், ஐந்து எண்ணும் நேரம் விடுங்கள். காசு கேட்காத வைத்தியம். மருந்து சாப்பிடுகிறவர்கள் மருந்தை நிறுத்தக் கூடாது.

நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும் கவலைதான் என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடம்புக் கோளாறோடு அவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவிலும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’ என்று வீட்டில் யாராவது சொன்னால் புலம்பல் என்று ஒதுக்காமல், அவரைத் தனியாக விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அந்த எண்ணை அழுத்திக் கொடுங்கள்.