குரலுக்குப் பட்டா

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்பாகவே, ஒரு நுழைவாயில் வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் ஸ்தாபனத்தில் இன்று மிஞ்சியிருக்கும் அடையாளம் அது. திருச்செங்கோடு டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்தப் படப்பிடிப்பு நிலையத்திலிருந்துதான் மலையாளத்தின் முதற் பேசும் படமாகிய ‘பாலன்’ 1938-ல் வெளிவந்தது. தமிழின் முதல் வண்ணப் படமாகிய ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ 1956-ல் வெளிவந்தது. அண்மையில் அவ்வழியே மலைக்குச் செல்ல நேர்ந்தபோது, அந்த ஸ்தாபனத்தின் 1950-ஆம் ஆண்டுப் படமாகிய ‘மந்திரி குமாரி’யைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

அப்படத்தில் கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். தள்ளிக் கொல்வது அவன் எண்ணம். அவளோ அவனை வலம்வருவதாகச் சொல்லி அவனையே தள்ளிவிடுகிறாள். இக்காட்சி சேர்வராயன் மலையில் எடுக்கப்பட்டதென்று சேலத்தார் சொல்வர். எந்தப் பாறை என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பாறையைக் காட்டுகிறார்கள். மலையேறி நடித்தவர்கள் எஸ். ஏ. நடராஜனும் மாதுரி தேவியும். பாடியவர்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். கால்கள் ஒருவருடையவை, மூச்சு மற்றொருவருடையது. நம்முடன் வண்டியில் வந்த இளைஞருக்குப் பாட்டு முழுவதும் வந்தது. பாடியவர் பெயர் வரவில்லை.

இதை அவ்விளைஞரின் குற்றமென்று நாம் கருதவில்லை. பேசும் படம் பிறந்த நாளில் பாடத் தெரியாதவருக்குத் திரையில் இடமில்லை. தியாகராஜ பாகவதரும் சின்னப்பாவும் தம் குரலைத் தாமே சுமந்தார்கள். 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் தேவகியாக நடித்தவரின் பாட்டு திருப்தி தராமற்போகவே, லலிதா வெங்கட்ராமன் என்ற அம்மையாரின் பாட்டைப் பதிந்து சேர்த்தார் மெய்யப்பச் செட்டியார். 1944-ல் அவரே கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ் பேச வைத்தார்; இந்தியாவில் மொழிமாற்றம் பெற்ற முதற் படம் அதுவே என்பர். முதலில் பாட்டுக் கழன்றது. பிறகு பேச்சும் கழன்றது. இவ்வாறு கழன்ற குரல் யாருடையது என்ற கேள்விக்கு அன்று எவரும் விடை எழுதி வைக்கவில்லை.

பாடகர்கள் போராடிப் பெயர் பெற்றார்கள். 1949-ல் ‘மஹல்’ என்னும் இந்திப் படத்தின் இசைத்தட்டில், பாடியவர் ‘காமினி’ என்று அச்சிட்டார்கள். காமினி என்பது கதைப்பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். இல்லாத பெண்ணுக்குப் பெயர் உண்டு, இருக்கும் பெண்ணுக்கு இல்லை! அவர் வாதாடியபின் நிலைமை மாறிற்று. ஆனால் பாடாமல் பேசுகிறவர்கள், அதாவது பின்னணிக் குரல் கொடுப்போர், அன்று பாடகர் நின்ற இடத்திலேயே பெரும்பாலும் இன்றும் நிற்கின்றனர்.

அவர்கள் தொழில் எளிதென்று நினைப்பவர் ஒருமுறை ஒலிப்பதிவு அறைக்குள் சென்று பார்க்கவேண்டும். தமிழறியாத நடிகை ஏதோ வாயசைத்துவிட்டுப் போயிருப்பார். அவர் உதடு மூடும் இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ விழவேண்டும், திறந்த இடத்தில் அவை விழக்கூடாது. அதற்கேற்பச் சொல்லை மாற்றி, மூச்சை அடக்கி, திரையில் அழுகிறவளுடன் அழுது, அந்த அழுகையையே நாலைந்து முறை திரும்ப அழவேண்டும். நடிகர் மோகன் பேசியதாகத் தமிழ்நாடு நெடுங்காலம் கேட்டது எஸ். என். சுரேந்தரின் குரல். சிம்ரனும் ஜோதிகாவும் பேசியதாகக் கேட்டது பெரும்பாலும் சவிதாவின் குரல். தாமே கதாநாயகராக வருமுன் விக்ரம், பிரபுதேவாவுக்கும் அப்பாசுக்கும் பேசியிருக்கிறார். ‘காந்தி’ படத்தின் தெலுங்கு வடிவத்தில் மகாத்மாவாகப் பேசியவர் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம். இவையெல்லாம் சினிமா அபிமானிகள் அறிந்தவை. மற்ற ஜனங்கள் அறியார்.

அறியாமையின் விலை யாதெனில், ஒரு சம்பவம் சொல்லுவோம். 1993-ல் வெளியான மலையாளப் படமாகிய ‘மணிச்சித்திரத்தாழ்’ஐ வாசகர் பலர் பார்த்திருக்கக்கூடும். அதில் ஷோபனாவின்மேல் ஏறும் நாகவல்லி தமிழில் முழங்குவாள். அக்குரலும் பாக்கியலட்சுமியினுடையதே என்று இருபது வருஷங்களுக்கு மேல் கேரளம் நம்பியது. பேசியவர் துர்கா என்னும் தமிழ்க் கலைஞர் என்று இயக்குநர் ஃபாசில் 2016-ல்தான் வெளிப்படுத்தினார். அவர் எழுதாமற்போயிருந்தால்? ஒரு மனிதரின் ஞாபகசக்தியில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு கலைஞரின் கீர்த்தி.

நிற்க. கீர்த்தி போனால் போகட்டும், கூலி வந்தால் போதும் என்று சொல்பவரும் உண்டு. அவர்களுக்குச் சட்டத்தைக் காட்டுகிறோம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்தின்படி, படத்தில் ஒருவர் பங்கு தற்செயலானதாய் இருந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் குறிக்கப்படாமலும் இருந்தால், அவர் கலைஞராக எண்ணப்படமாட்டார். தம் பங்கைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை ஒன்றே அவருக்கு மிஞ்சும். கூட்டத்தில் நிற்பவரை எண்ணி எழுதிய விதி இது; படம் முழுவதும் பேசியவரைத் தற்செயல் என்று யார் சொல்வார் என்று கேட்கலாம். சொல்லக்கூடியவர் உண்டு; வக்கீல் என்று பெயர். எத்தனை தலைமுறை உழுதாலும் பட்டா இல்லாதவன் பாடு என்ன ஆகுமென்று மலையில் வாழ்வோருக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. திரையில் ஓடும் பெயர்ப்பட்டியல்தான் குரலுக்குப் பட்டா.

இந்தப் பட்டா இதுவரை இல்லாவிட்டாலும் ஜீவனம் நடந்தது. இனி நடவாது. யந்திரம் குரலைக் கற்றுக்கொண்டுவிட்டது. 2024-ல் ‘லால் சலாம்’ படத்துக்காகக் காலஞ்சென்ற பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் எழுப்பிய ஏ. ஆர். ரகுமான், குடும்பத்தாரின் சம்மதம் பெற்று ஊதியமும் தந்ததாக அறிவித்தார். அதே ஆண்டில், சம்மதமின்றிப் பாலசுப்பிரமணியத்தின் குரலை உண்டாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்காரர்களுக்கு அவர் குடும்பத்தார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினர். பாடகர் அரிஜித் சிங்கின் குரலைப் போலிசெய்யலாகாதென்று பம்பாய் உயர்நீதிமன்றமும் 2024-ல் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இம்மூன்று இடத்திலும் குரலுக்கு உரியவர் இன்னார் என்பதில் தகராறு இல்லை, ஊரறிந்த பெயர்கள். பெயரே வெளிவராத பெண் ஒருத்தி, யந்திரம் பேசுவது தன் குரலென்று எந்தக் கச்சேரியில் எதைக் காட்டி நிரூபிப்பாள்?

வானொலிக்காரர்கள் இதை எப்போதோ உணர்ந்தவர்கள். 1940-ல், பகைவர் போலிக் குரலில் பொய்ச்செய்தி பரப்பக்கூடும் என்ற அச்சத்தால், பிரிட்டிஷ் வானொலியில் செய்தி வாசிப்போர் தம் பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்கலாயினர். நம் நாட்டிலும் சரோஜ் நாராயணசுவாமி போன்றோர் பெயரைச் சொல்லியே செய்தியைத் தொடங்கினர். 2022-ல் அவர் மறைந்தபோது முகமறியாத பல்லாயிரவர் தம் வீட்டாரை இழந்ததுபோல் வருந்தினர். 1947 ஆகஸ்டு 15-ந் தேதி சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன் என்று இன்றும் நாம் சொல்லமுடிகிறது. செய்திக்குப் பொருந்தும் நியாயம் கதைக்குப் பொருந்தாதா?

பிறர் குரலென்று தெரிந்தால் நட்சத்திரத்தின் மதிப்புக் குறையும் என்று படமுதலாளிகள் ஆக்ஷேபிக்கலாம். ‘மஹல்’ படத்தில் பாடியவர் லதா என்று தெரிந்தபின் மதுபாலாவின் மதிப்பு அணுவளவும் குறையவில்லை. சிரமமான காரியத்தை நாம் கேட்கவுமில்லை. தமிழ்நாட்டுச் சர்க்கார் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கொடுக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் விருது வைத்திருக்கிறது. விருதுக்கு வரும் படம் எதுவாயினும், எந்தப் பாத்திரத்துக்கு எவர் பேசினார் என்பதைத் திரையில் எழுத்தில் காட்டியிருக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பொக்கிஷத்திலிருந்து ஒரு ரூபாயும் போகாது. அவ்வரியை அடுத்த விருதுக்கான அறிவிப்பிலேயே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.