பேஸ் கிதார் இல்லாத ஜாஸ் குழு

பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964இல் தொடங்கிய தாளவாத்தியப் பள்ளி. அதே பெயரில் உருவான குழுவுக்கும் அவரே தலைவராக இருந்தார். அவருடைய மனைவி ஆர்.ஏ. ரமாமணி பாடினார், உருப்படிகளையும் அமைத்தார். கடமும் மோர்சிங்கும் ஆர்.ஏ. ராஜகோபால், கஞ்சிரா டி.என். சசிகுமார். கச்சேரி மேடைக்கான இந்த அணிதான் ஐரோப்பிய ஜாஸ் ரசிகர்களிடமும் பெயர் பெற்றது.

ஜாஸ் குழுவில் பேஸ் வாசிப்பவருக்கு இரட்டை வேலை. தாளம் நழுவாமல் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் நிற்பதற்குக் கீழே ஒரு ஸ்வரத்தையும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மணியின் குழுவில் பேஸ் கிடையாது. ஸ்வரத்தைத் தம்பூரா பார்த்துக்கொண்டது. கனத்தைத் தந்தது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி. வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புவார்கள். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஈரமான கனத்தால் தோலின் ஒலி தாழ்ந்து, கார்வையுடன் வரும். தட்டியபின் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோலை அழுத்தி நகர்த்தினால் ஒலி வழுக்கி ஏறும். கும்கி எனப்படும் இந்த ஒலி, தந்தியில் விரலை இழுத்து வாசிக்கும் பேஸின் குழைவுக்கு மிக நெருங்கியது.

வெளிநாட்டுத் தொடர்பு ஜெர்மனி வழியாக வந்தது. மியூனிக்கின் எம்ப்ரியோ குழு 1978இல் பேருந்தில் கிளம்பி, ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்து, பெங்களூர்க் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தது. அக்குழுவிலிருந்து பிரிந்த பேஸ் கலைஞர் ஊவே முல்ரிச்சும் நண்பர்களும் தொடங்கிய டிசிடென்டன் குழு, மணி குழுவினருடன் 'ஜெர்மனிஸ்தான்' ஆல்பத்தை 1982இல் வெளியிட்டது.

எல்லாவற்றிலும் ஆழமாகப் போனது சார்லி மரியானோவின் உறவு. 1923இல் பாஸ்டனில் பிறந்த இந்த சாக்ஸபோன் கலைஞர், பேஸ் கலைஞர்கள் தலைமை தாங்கிய இரு பெரிய குழுக்களில் வாசித்தவர். 1963இல் சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' ஆல்பத்துக்கான குழு. எழுபதுகளில் எபர்ஹார்ட் வெபரின் குழு. இடையில் இந்தியாவுக்கு வந்து நாகஸ்வரம் கற்றார். வெபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' ஆல்பத்தில் அதை வாசித்தும் இருக்கிறார். ராகத்தின் அடியில் மேற்கத்திய கார்டுகளைப் பரப்பிவிட்டு ஃப்யூஷன் என்று பெயர் வைப்பவர்கள் அதிகம். மரியானோ அப்படிச் செய்யவில்லை. கர்நாடகத் தாளக் கணக்குக்குள் தாமே இறங்கி வந்தார்.

1983இல் ஸ்டட்கார்ட்டில் பதிவாகி இ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ஜோதி' ஆல்பத்தில் இது தெளிவாகக் கேட்கும். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை, பேஸும் இல்லை. ரமாமணியின் குரலில்தான் ஆல்பம் தொடங்குகிறது. அவர் பாடும் வரிகளோடு சோப்ரானோ சாக்ஸபோன் ஒட்டி நடக்கிறது. பிறகு தனியே கிளைவிடுகிறது. ராஜகோபாலும் சசிகுமாரும் தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலையும் சேர்க்கிறார்கள். ஜாஸ் மேடையில் நான்கு நான்கு அளவாக மாறி மாறி வாசிக்கும் வழக்கமும், கச்சேரியில் தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் அளவைக் குறைத்துக்கொண்டே வரும் குறைப்பும் உறவுக்காரர்கள் என்பது இங்கே விளங்கும். சாக்ஸபோன் எவ்வளவு தூரம் போனாலும், தொப்பியின் 'தொம்' அதைத் தாளத்தின் தொடக்கமான சமத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

மரியானோ ஜெர்மனியிலேயே தங்கிவிட்டார். மணியின் குழுவோடு அதன் பிறகும் சேர்ந்து வாசித்தார். 2009 ஜூனில் கொலோன் நகரில் காலமானார்.