வயிற்றையும் சொல்லுங்கள்

இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முழங்கால் வீங்கி, நடக்க முடியாமல் மருந்துக்கடைக்கு வந்து வலி மாத்திரை கேட்கிறார். பல மாதங்களாக அவருக்கு வயிற்றுப்போக்கு உண்டு. மலத்தில் இரத்தமும் போகிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். முழங்காலுக்கும் குடலுக்கும் என்ன உறவு என்ற எண்ணம் வேறு.

உறவு உண்டு. குரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் நோய் ஆகிய இரண்டும் நீண்டகாலக் குடல் அழற்சி நோய்கள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் நெறி தவறிக் குடலையே தாக்குகிறது. சிலருக்கு அந்த அழற்சி மூட்டுகளையும் பற்றிக்கொள்கிறது. முழங்கால், கணுக்கால் என ஒரு சில பெரிய மூட்டுகள் மட்டும் வீங்கும்போது, குடல் நோய் தணிந்தால் பெரும்பாலும் அந்த வீக்கமும் தணியும். ஆகவே அங்கே முதல் மருத்துவம் குடலுக்குத்தான்.

முதுகெலும்பைப் பற்றும் அழற்சி அப்படி அல்ல. காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்திருக்கும். ஓய்வெடுத்தால் வலி கூடும், நடமாடினால் குறையும். குடல் நலமானாலும் இது தன் போக்கில் தொடரக்கூடும். இதற்கு அன்றாட உடற்பயிற்சியும் தனி மருத்துவமும் தேவை.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கும். ஆனால் சிலருக்கு அவை குடல் நோயைக் கிளறிவிடும். அதனால் மருத்துவரைக் கேளாமல் அவற்றை விழுங்க வேண்டாம்.

சுவீடன் நாட்டு மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்கு மருந்து தேடி சல்ஃபாசலாசின் மாத்திரையை உருவாக்கினார். அது பெருங்குடல் புண்ணையும் ஆற்றுவதைக் கண்டு 1942-இல் எழுதினார். கைகால் மூட்டுகளுக்கும் பெருங்குடலுக்கும் இன்றும் அம்மருந்து தரப்படுகிறது. முதுகெலும்புக்கு மட்டும் அது அவ்வளவாக உதவாது.

நோய் கடுமையானால் இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் குடல், மூட்டு, முதுகு மூன்றுக்கும் உதவுகின்றன. உடலில் மறைந்திருக்கும் காசநோயை அவை எழுப்பிவிடலாம் என்பதால், முன்னதாகவே அதற்கான சோதனை செய்வார்கள். எல்லா ஊசிகளும் ஒன்றல்ல. எடனெர்செப்ட் மூட்டுக்கு உதவும், குடலுக்கு உதவாது. செகுகினுமாப் குரோன் நோயை மோசமாக்கக்கூடும். குடலில் நோய் இருப்பதை அறியாத மருத்துவர் எப்படிச் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பார்?

அன்பானவர்களே, மூட்டு மருத்துவரிடம் வயிற்றைப் பற்றியும், குடல் மருத்துவரிடம் மூட்டைப் பற்றியும் சொல்லுங்கள். ஒருவர் தந்த மருந்துச் சீட்டை மற்றவரிடம் காட்டுங்கள். மலத்தில் இரத்தம் என்று சொல்ல நா கூசலாம். ஆனாலும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இதை மறைத்து வாழ்ந்தால், கடிந்துகொள்ளாமல் அருகில் அமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் துணைக்குப் போங்கள்.