குறை சொல்வதும் ஒரு கலை

பாட்டுப் பாடுவோரும் படம் வரைவோரும் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். இன்றோ அவர்கள் தொகை பெருகியுள்ளது. கையில் ஓர் அலைபேசி இருந்தால் பள்ளிச் சிறுமியும் குறும்படம் எடுக்கலாம். தன் பாட்டைத் தானே பதிவு செய்யலாம். அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளைக் கொண்டு சிறு பிள்ளைகளே அசையும் சித்திரங்களையும் கணினி விளையாட்டுகளையும் ஆக்குகின்றனர். ஆக்கியவள் அதனை நம்மிடம் காட்டி, "எப்படி இருக்கிறது அக்கா?" என்று கேட்கிறாள். இந்தச் சிறு கேள்விக்கு எவ்வாறு விடை கூறுவது? அதனையே இக்கட்டுரையில் காண்போம்.

நம்மில் பெரும்பாலோர் இரண்டே விடைகளை வைத்திருக்கிறோம். ஒன்று "சூப்பர்", மற்றொன்று "மொக்கை". முதலாவது விடை காதுக்கு இனிக்கும். ஆனால் கேட்டவளை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும். இரண்டாவது விடையோ அவளை எழவிடாமலே செய்துவிடும்.

எங்கள் முசரவாக்கத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களில் ஒரு குருவியை வரைந்தாள். தாள்களை விரைவாகப் புரட்டினால் குருவி பறப்பது போலத் தோன்றும். பலர் பார்த்து "சூப்பர்" என்றனர். ஒருத்தி மட்டும், "இது குருவியா, கோழியா?" என்றாள். எல்லாரும் சிரித்தனர். அன்று மூடிய நோட்டை அம்மாணவி பிறகு திறக்கவே இல்லை. உண்மையில் அந்தப் படத்தில் இருந்த குறை மிகச் சிறியது. சிறகு மேலே இருக்கும் படத்திற்கும் கீழே இருக்கும் படத்திற்கும் நடுவில் இன்னும் இரண்டு படங்கள் வேண்டும், அவ்வளவே. அதனைச் சொல்வதற்குத்தான் அங்கு ஒருவரும் இல்லை.

இக்கலையை நாம் வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நம் காஞ்சி மாநகரிலேயே அதற்கு ஒரு மண்டபம் உண்டு. குமரகோட்டத்து அர்ச்சகராகிய கச்சியப்ப சிவாச்சாரியார், 10,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கந்தபுராணத்தை அக்கோயிலில்தான் அரங்கேற்றினார் என்பது மரபு. அரங்கேற்றம் என்பது வெறும் பாராட்டு விழா அன்று. கற்றோர் கூடிய அவையில் நூலாசிரியர் தம் நூலைப் படித்துக் காட்ட, ஐயம் உள்ளோர் எழுந்து தடை எழுப்புவர். அவற்றிற்கெல்லாம் விடை கூறிய பின்னரே நூல் உலகில் உலவும்.

கந்தபுராண அரங்கேற்றத்தில் முதல் சொல்லிலேயே தடை எழுந்தது. அச்சொல்லை முருகனே எடுத்துக் கொடுத்தான் என்று கூறுவர். ஆயினும் அவையோர் விடவில்லை. "ழகர மெய்யும் தகரமும் சேர்ந்து டகரம் ஆவதற்கு இலக்கணத்தில் விதி எங்கே?" என்று கேட்டனர். மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலை விரித்து அவ்விதியைக் காட்டினார். அவையோர் ஏற்றுக்கொண்டனர் என்று அக்கதை முடிகிறது. வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றிய நூலாகும். ஒரு சைவ நூலின் தடை ஒரு பௌத்தர் நூலால் நீங்கியது என்பது எண்ணி மகிழத்தக்கது அன்றோ!

இக்கதையிலிருந்து நாம் அறிவன மூன்று. முதலாவது, அவையோர் "நூல் நன்றாக இல்லை" என்று பொதுவாகச் சொல்லவில்லை. ஒரு சொல்லைச் சுட்டிக் காட்டினர். இரண்டாவது, அவர்கள் ஆசிரியரைப் பழிக்கவில்லை, விதியைக் கேட்டனர். மூன்றாவது, விடை கிடைத்ததும் தம் தடையைக் கைவிட்டனர். குறை சொன்னவர்களே தம் கருத்தை மாற்றிக்கொள்ள அணியமாய் இருந்தனர் என்பதே இவற்றுள் சிறந்தது.

ஒன்றைக் குறையென்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர் தம் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் வகுத்துள்ளார். அவர் நூலுக்குச் சொன்னதை நாம் இன்றைய ஆக்கங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். விறுவிறுப்பாகத் தொடங்கிய குறும்படம் போகப் போகச் சோர்ந்தால் அது 'சென்று தேய்ந்து இறுதல்'. பாட்டில் ஒரே மெட்டு மாற்றமின்றித் திரும்பத் திரும்ப வந்தால் அது 'கூறியது கூறல்'. எதை அழுத்த வேண்டும் என்று தெரியாமல் ஆடுபவரைத் திகைக்கச் செய்யும் விளையாட்டு 'மயங்க வைத்தல்'. அவ்வாறே 'சுருங்கச் சொல்லல்', 'விளங்க வைத்தல்' முதலிய அழகுகளையும் தேடலாம். குற்றம் பத்து என்றால் அழகும் பத்து என்று முனிவர் சரிசமமாக வைத்திருப்பதை மறத்தல் ஆகாது. நிறையையும் பெயர் சொல்லிப் பாராட்டினால்தான், எதை மாற்றாமல் காக்க வேண்டும் என்பது ஆக்கியவளுக்கு விளங்கும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். இதனை நம் ஊர்ப் பக்கத்துத் தறிகள் கற்பிக்கின்றன. பட்டுச் சேலையின் பூவேலையை முதலில் கட்டங்கள் போட்ட கிராஃப் தாளில் வரைகின்றனர். அதைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகின்றனர். அவ்வட்டைகள் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏறி, எந்த இழை மேலே எழவேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. ஒரு துளை பிசகினால், அட்டைகள் சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் அதே பிசகு பூவில் விழும். தாளில் இருக்கும்போது சொன்னால் ஒரு ரப்பர் போதும். நெய்து முடித்த பின் சொன்னால் பெருமூச்சுதான் மிஞ்சும். ஆகவே, ஆக்குபவள் பாதியிலேயே காட்ட வேண்டும். காண்பவரும் பாதியிலேயே சொல்ல வேண்டும்.

இம்முறையால் வளர்ந்தவர் நம் காலத்திலும் உண்டு. கலைஞர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் இளைஞர்கள் தாம் எடுத்த குறும்படங்களைத் திரையிட, நடுவர்கள் அங்கேயே நிறைகுறைகளை எடுத்துரைத்தனர். அதில் பங்கேற்ற கார்த்திக் சுப்புராஜ் 2012இல் 'பீட்சா' திரைப்படத்தையும், நலன் குமரசாமி 2013இல் 'சூது கவ்வும்' திரைப்படத்தையும் இயக்கினர். இதுவும் ஒருவகை அரங்கேற்றமே எனலாம்.

இனி, நம்மிடம் ஒருத்தி தன் ஆக்கத்தைக் கொண்டுவந்தால் என்ன செய்வது? முதலில் முழுவதையும் பொறுமையாகப் பார்ப்போம். "நீ என்ன காட்ட நினைத்தாய்?" என்று கேட்போம். நன்றாக அமைந்த ஓரிடத்தைக் குறிப்பிட்டுச் சொல்வோம். பிறகு குறையுள்ள ஓரிடத்தைச் சுட்டி, காரணத்தையும் கூறுவோம். பத்துக் குறைகள் தெரிந்தாலும் முதன்மையான ஒன்றிரண்டோடு நிறுத்துவோம். பிறர் முன்னிலையில் நகைக்காமல் இருப்போம். நம் சொல்லை ஏற்பதும் விடுப்பதும் அவள் உரிமை என்பதை நினைவில் கொள்வோம்.

பெற்றோரிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "படிப்பை விட்டுவிட்டு இது எதற்கு?" என்று கேட்பதற்கு முன், ஐந்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் ஒரே ஒரு இடத்தைக் குறிப்பிட்டுப் பேசுங்கள். தம் படைப்பை ஒருவர் கருத்தூன்றிப் பார்த்தார் என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய ஊக்கம் அன்றோ?

தோழியரே! முகத்துதி வேண்டா, முகம் வாடச் செய்யும் சொல்லும் வேண்டா. அந்தக் குருவிக்கு வேண்டியவை நடுவில் இரண்டு படங்களே. அத்தகைய இரண்டு படங்களைக் கண்டு சொல்லும் கண்ணும், அதனை அன்போடு சொல்லும் நாவும் நாம் ஒவ்வொருவரும் பெற முயல்வோமாக!