ஒரு கொதியில் தீராதவை: பருப்பும் தேங்காயும் வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியது

பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் மூன்றையும் நைஸாக அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கினால் கூட்டு தயார். தேங்காய் சேர்த்தபின் அதிகம் கொதித்தால் திரிந்துவிடும். பால் பிழிந்து ஊற்றுகிறவர்களும் முதல் பாலைக் கடைசியில்தான் சேர்ப்பார்கள். சமையல் முறையில் குறையில்லை. ஆனால் 'அடுப்பில் ஏறினால் எல்லாக் கெடுதலும் போய்விடும்' என்று நம்பி, சந்தேகமான பருப்பையும் தேங்காயையும் பாத்திரத்தில் போட்டுவிடுகிறோமே, அங்கேதான் ஆபத்து. குழம்பிலும் கூட்டிலும் சேரக்கூடிய மோசமான நஞ்சுகள் சிலவற்றை ஒரு கொதி மட்டுமல்ல, ஒரு மணி நேரக் கொதியும் ஒன்றும் செய்யாது.

முதலில் தேங்காய். உடைத்ததும் ஒரு பக்கம் அழுகியிருந்தால் அதை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு மீதியைத் துருவுவது நம் வீடுகளில் சாதாரணம். இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் தேங்காய்ப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்துச் செய்த 'தெம்பே போங்கிரெக்' என்ற உணவு பலரைக் கொன்றது. கெட்ட தேங்காயில் வளர்ந்த ஒரு பாக்டீரியா உண்டாக்கிய போங்கிரெகிக் அமிலமே காரணம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சூட்டிலும் அழியாது. பின்னாளில் அந்நாட்டு அரசு அந்த உணவையே தடை செய்தது. அழுகிய தேங்காய் ஒவ்வொன்றிலும் அந்த நஞ்சு இருப்பதில்லை. ஆனாலும் எதில் இருக்கிறது என்பதை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது. பூஞ்சணம் பூத்தது, கொழகொழத்தது, புளித்த வாடை அடிப்பது எதுவானாலும் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள்.

பிழிந்த பால் இன்னும் விரைவில் கெடும். அதில் புளிப்பு இல்லை, கொழுப்பும் நீரும் நிறைய. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? உறையவைத்தால் கிருமி உறங்குமே தவிர எல்லாம் சாவதில்லை. 1991-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சிலருக்குக் காலரா வந்தபோது, தாய்லாந்திலிருந்து உறைநிலையில் வந்த தேங்காய்ப்பால்தான் மூலம் என்று கண்டறிந்தார்கள்.

மதியம் வைத்த கூட்டு ராத்திரிக்கும் அடுப்பு மேடையிலேயே கிடப்பதும் அதே வகைத் தவறு. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் கிருமிகள் பெருகும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வாந்தி உண்டாக்கும் ஒரு நஞ்சைச் சோற்றிலும் பருப்பிலும் விட்டுவைக்கும். மறுபடி சுடவைத்தால் பாக்டீரியா சாகலாம், நஞ்சு அப்படியே இருக்கும். நூல் விட்டு ஊசிப்போகும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான சின்னப் பாத்திரங்களில் மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேங்காய் சேர்க்காத பருப்பைத் தனியே எடுத்துவைத்து, வேண்டும்போது அரைத்து ஊற்றிக்கொள்வது அதைவிட நல்லது.

பருப்புக்கு வருவோம். துவரம்பருப்போடும் கடலைப்பருப்போடும் கலக்கப்படுவது கேசரிப் பருப்பு. அதிலுள்ள ஓடாப் என்ற நரம்பு நஞ்சு, மாதக்கணக்கில் அதையே பிரதான உணவாகத் தின்றவர்களின் கால்களை முடக்கியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் ஏழை விவசாயக் கூலிகள் இதற்குப் பலியானார்கள். 1961-இல் விற்பனை தடைசெய்யப்பட்டது. ஒருவேளைச் சாப்பாட்டில் கலந்த சில பருப்புகளால் யாரும் முடங்கிவிட மாட்டார்கள், பயம் வேண்டாம். நிறைய நீரில் வேகவைத்து நீரை வடித்தால் நஞ்சு ஓரளவு குறையும். ஆனால் நாம் பருப்புத் தண்ணீரை வடித்துக் கொட்டுவதில்லை, ரசத்துக்கு அதையே எடுக்கிறோம். கண்ணால் பார்த்தே பொறுக்கலாம்: துவரம்பருப்பு உருண்டையாக இருக்கும், கேசரி ஒரு பக்கம் சரிந்து, ஆப்புபோல் கோணலாக இருக்கும்.

மெட்டானில் மஞ்சள் இன்னொன்று. உணவில் சேர்க்க அனுமதியில்லாத இந்தச் சாயத்தைப் பழைய பருப்பைப் புதிதுபோல் காட்டப் பூசுகிறார்கள். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் நீரில் போடுங்கள். மாவு கரைந்து வெள்ளையாகக் கலங்குவது இயல்பு. உடனே மஞ்சள் இறங்கினால் சமைக்காதீர்கள். அமிலம் ஊற்றிப் பார்க்கும் சோதனையை ஆய்வகத்துக்கு விடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காய்ப்பால் பவுடர் பலவற்றில் பாலிலிருந்து எடுத்த சோடியம் கேசினேட் சேர்கிறது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருப்பது உண்டு. இரண்டையும் பொட்டலத்தில் தெரிவிப்பது தயாரிப்பாளரின் சட்டக் கடமை.

குக்கரையும் விட்டுவிட முடியாது. பருப்பு நுரைத்துப் பொங்கி ஆவி வழியை அடைக்கும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். முத்திரை இல்லாத குக்கர்களை விற்கவிட்ட பெரிய இணைய வணிக நிறுவனங்களுக்கு 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது.

இனி உங்கள் உரிமை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 40ஆம் பிரிவு பலருக்கும் தெரியாது. வாங்கிய பருப்பை நீங்களே அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஒரே நிபந்தனை, சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கையும் மேல்நடவடிக்கைக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி, கோவை, சேலம், மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு ஆய்வகங்கள் உள்ளன. கெட்ட உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கொடுங்காயமானால் 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு என்கிறது 65ஆம் பிரிவு.

கட்டணம் கட்டாமல் புகார் மட்டும் செய்ய, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரேஷன் பருப்பு பற்றியென்றால் 1967. பணமும் நஷ்டஈடும் கேட்க, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போகலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

இதற்கெல்லாம் ரசீது வேண்டும். 2022 ஜனவரி முதல் அதில் கடையின் 14 இலக்க உணவு உரிம எண் இருக்க வேண்டும். சாப்பிட்டு யாருக்காவது முடியாமல் போனால் மிச்ச உணவைக் கொட்டாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், பொட்டலத்தையும் மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ, நோயாளி குழந்தையோ கர்ப்பிணியோ என்றாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சாயம் விட்ட பருப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் திருப்பிக் கொடுத்தது வேறொரு வீட்டு உலைக்குத்தான் போகும். படம் எடுத்து அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அன்றைக்கே அனுப்புங்கள்.