உங்களுக்குத் தெரியுமா? ஏலக் கமிஷன் கூடினால்...

● போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் வந்தது 2007இல். வாய்விட்டு விலை கேட்ட வியாபாரிகள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானைத் தட்ட ஆரம்பித்தார்கள். அதே 2007 நவம்பரில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஜேகெக்ஸ் கம்பெனி, ‘ரூன்ஸ்கேப்’ என்ற ஆன்லைன் கேமுக்குள் ‘கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்’ என்றொரு சந்தையைத் திறந்தது. அங்கே விலைபோவது வாள், கேடயம், மீன், மரக்கட்டை. கைமாறுவது கேம் காசு. கம்பம் பள்ளத்தாக்கின் அனுமந்தன்பட்டியில் அப்பா காய் விலை விசாரித்துக்கொண்டிருக்கும்போது, பிள்ளை செல்போனில் வாள் விலை பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டு பேரும் ஒரே தொழிலைத்தான் கவனிக்கிறார்கள்.

● நம் ஊர்க்காரர்களுக்கு ஏலக்கூடம் இரண்டு. தேனி வழியாகப் போனால் போடி. கம்பம்மெட்டு ஏறினால் கேரளத்துப் புற்றடி. இரண்டும் ஸ்பைசஸ் போர்டு மேற்பார்வையில் நடப்பவை. காய் போடும் விவசாயியிடம் ஏலக் கம்பெனி பிடிக்கும் கமிஷன், விற்ற தொகையில் 1 சதவீதம். 50 கிலோ காய் கிலோ 2,500 ரூபாய்க்குப் போனால் மொத்தம் 1,25,000. அதில் கமிஷன் 1,250. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் காயைக் கொடுக்காமல் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமையும் விவசாயிக்கு உண்டு.

● சதவீதக் கமிஷனை யாரும் கூட்டாமலே அது கூடும். 2018 வெள்ளத்தில் இடுக்கி ஏலத்தோட்டங்கள் நாசமாகி, காய்க்குத் தட்டுப்பாடு வந்தது. 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த விலையில் கிலோவுக்குக் கமிஷன் மட்டும் 70 ரூபாய்.

● ரூன்ஸ்கேப்பின் இன்னொரு பதிப்பான ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ சந்தையில் 2021 டிசம்பர் 9 வரை விற்பனைக்குப் பிடித்தமே கிடையாது. அன்றுமுதல் 1 சதவீதம். 2025 மே மாதம் அது 2 சதவீதமானது. கேட்டால் அற்பமாகத்தான் தெரியும். ஆனால் வாங்கி உடனே விற்றுப் பிழைக்கும் ஆட்டக்காரரின் கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் காசுக்கு ஒரு பொருளை வாங்கி 10,15,000க்குத் தள்ளுகிறார். லாபம் 15,000. பிடித்தம் 1 சதவீதம் என்றால் 10,150 போய், கையில் நிற்பது 4,850. அதுவே 2 சதவீதம் என்றால் 20,300 போய்விடும். 5,300 காசு நஷ்டம். விற்பவருக்குச் சுண்டைக்காய், இடையில் நிற்பவருக்குப் பிழைப்பே போச்சு. கட்டணம் கூடும்போது யார் சத்தம் முதலில் கேட்கிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

● அந்தக் காசு எங்கே போகிறது? இங்கேதான் ஜேகெக்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. பிடித்த காசில் ஒரு பகுதியைக் கொண்டு, சந்தையில் மலிந்து கிடக்கும் விலையுயர்ந்த பொருட்களை வாங்கி, அவற்றை விளையாட்டிலிருந்தே அழித்துவிடுகிறது. சரக்கு குறைந்தால் மிச்சச் சரக்கின் விலை நிற்கும். மாதக்கணக்கில் ஆடி அரிய ஆயுதம் சம்பாதித்தவர்களுக்கு இந்தக் கட்டணம் காவல். ஒரு பொருளுக்கு 50 லட்சம் காசுக்கு மேல் பிடிப்பதில்லை என்று உச்சவரம்பும் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது விலக்குப் பட்டியல்தான். சுத்தியல், உளி, ஊசி, ரம்பம், மண்வெட்டி, பூவாளி, அம்மிக்குழவிக்கெல்லாம் கட்டணமே இல்லை. புதிதாக ஆட வருபவர் முதலில் வாங்கும் சாமான்கள் அவை. ஏழை கையிலிருக்கும் கருவிக்கு வரி போடாதே என்ற நியாயம், கற்பனை உலகத்தில் சட்டமாக இருக்கிறது.

● கட்டணம் பிடிக்காவிட்டால் ஒரு வழி, கடையை மாற்றிக்கொள்வது. ஐஸ்லாந்துக் கம்பெனி நடத்தும் ‘ஈவ் ஆன்லைன்’ என்ற விண்வெளி விளையாட்டில், ஜிட்டா என்ற இடம்தான் பெரிய சந்தை. 2016இல் ஆட்டக்காரர்களே சொந்தமாக நிலையம் கட்டி, தரகுக் கட்டணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. ஜிட்டாவுக்கு அடுத்த மண்டலமான பெரிமீட்டரில் குறைந்த தரகில் ஒரு பெரிய சந்தை எழுந்தது. வியாபாரத்தில் ஒரு பகுதி அங்கே சாய்ந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கூடம், அந்தப் பக்கம் ஒரு கூடம் என்று பார்த்துப் பழகிய கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

● ‘கில்டு வார்ஸ் 2’ என்ற ஆன்லைன் கேமில் பொருளைப் பட்டியலில் போட்டதும் 5 சதவீதம், விற்றதும் 10 சதவீதம். விற்காமல் திரும்ப எடுத்தால் அந்த 5 திரும்பாது.

● ‘டையாப்லோ 3’ என்ற கேம் இன்னும் ஒரு படி தாண்டியது. 2012இல் நிஜப் பணத்துக்கே ஆயுதங்களை ஏலம் விடும் கூடத்தைத் திறந்து, ஒவ்வொரு விற்பனையிலும் கம்பெனி பங்கு எடுத்துக்கொண்டது. அரக்கனை அடித்து ஆயுதம் எடுப்பதை விட்டு, எல்லோரும் ஏலக்கூடத்திலேயே குடியிருந்தார்கள். ஆட்டமே கெட்டுப்போச்சு என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். 2014 மார்ச் 18இல் கம்பெனியே அதை இழுத்து மூடியது. சரியான முடிவு.

● ஆட்டக்காரர்கள் ஓட்டுப்போட்டும் ஜெயித்திருக்கிறார்கள். ரூன்ஸ்கேப்பில் ஒருவருக்கொருவர் இஷ்டப்படி கொடுக்கல் வாங்கல் செய்வதை ஒரு கட்டத்தில் முடக்கினார்கள். 2010 கடைசியில் வாக்கெடுப்பு தொடங்கியது. 12 லட்சம் ஓட்டுக்கு மேல் விழுந்தது. நூற்றுக்கு 91 பேர் பழைய முறையே வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரி 1 அன்று அது திரும்ப வந்தது. ஏல விதியை மாற்றும்முன் காய் போடுபவர்களிடம் இப்படி ஓட்டு கேட்டால் எத்தனை நன்றாக இருக்கும்!

● வாங்கி உடனே விற்கும் கேம் வியாபாரிக்கு நம் மலையிலும் அண்ணன் தம்பி உண்டு. ஏலத்தில் எடுத்த காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருவதை ‘ரீபூலிங்’ என்கிறார்கள். ஒரே காய் திரும்பத் திரும்ப வந்தால் வரத்து அதிகம்போலத் தெரிந்து விலை இறங்குகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் குறை. நியாயமான குறை. ஒருமுறைதான் காய் போடும் விவசாயிக்கும், மறுபடி மறுபடி போடுபவருக்கும் ஒரே கமிஷன் எதற்கு? இரண்டாம் முறைக்குக் கூடுதலாக வைத்தால் சுற்றில் விடுவது தானாகக் குறையும் என்பது என் கட்சி.

● கட்டணமே இல்லாத சந்தையும் நம்மிடம் இருக்கிறது. 1999 நவம்பர் 14இல் மதுரை அண்ணாநகரில் தொடங்கிய உழவர் சந்தை. அடையாள அட்டை உள்ள விவசாயிக்குக் கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை. கம்பத்திலும் ஒன்று உண்டு.

● பெற்றோர் கவனத்துக்கு: இங்கே சொன்ன கேம் சந்தை வேறு, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி வேறு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2023 அக்டோபரில் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டமே போட்டுவிட்டது. பிள்ளை ஆடுவது எது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

● காய் போடும் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை: ஏலம் முடிந்து பட்டியல் கைக்கு வந்ததும் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். எடை, கிலோ விலை, கமிஷன், மற்ற பிடித்தம் என்று வரிவரியாகப் படியுங்கள். 1 சதவீதத்துக்கு மேல் ஏதாவது போயிருந்தால், கவுன்டரை விட்டு நகரும்முன் எதற்கு என்று கேளுங்கள்.