4 வீல் கியர் போட்டும் முன் சக்கரம் இழுக்கலையா? "ஹப்"பை கவனிங்க!
மலைப்பாதை ஜீப் டிரைவர்களுக்கு உஷார் தகவல்

போடி:

மலை மேலே மழை பிடித்துக் கொண்டால் ஜீப் டிரைவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். வண்டி நிறைய ஆட்கள். அந்த நேரத்தில் 4 வீல் கியரைப் போட்டும் முன் சக்கரம் இழுக்காமல் சும்மா உருண்டால் என்ன ஆகும்? வண்டி பின்னால் வழுக்கும். அப்புறம் கடவுள் விட்ட வழிதான்.

இப்படி ஆகும்போது பெரும்பாலான டிரைவர்கள் "கியர் பாக்ஸ் போச்சு" என்றுதான் நினைப்பார்கள். ஆனால் பல வண்டிகளில் கோளாறு கியர் பாக்சில் இருக்காது. முன் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மூடி போல இருக்கிறதே, அந்த "லாக்கிங் ஹப்"பில்தான் இருக்கும். "ப்ரீ வீல் ஹப்" என்று சொல்வதும் இதைத்தான்.

தேனி மாவட்டத்தில் 7 ஆயிரம் அடிக்கு மேல் உள்ள கொழுக்குமலைக்கு, கேரளாவில் உள்ள சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக முடியும். பாதை முழுக்க பாறையும் பள்ளமும்தான். இதுபோன்ற பாதைகளில் ஓடும் பழைய மகிந்திரா ஜீப், மாருதி ஜிப்சி வண்டிகள் பலவற்றில் கையால் திருப்பும் ஹப்தான் இருக்கிறது. இது சரியாக இருந்தால்தான் டிரைவருக்கும் பிழைப்பு, ஏறி உட்காருபவர்களுக்கும் பாதுகாப்பு.

ஹப் என்ன வேலை செய்கிறது?

4 வீல் கியரைப் போட்டதும் என்ஜின் சக்தி முன் ஆக்சிலுக்கும் போகிறது. அங்கிருந்து சக்கரத்துக்குப் போக ஒரு இணைப்பு வேண்டும். அந்த இணைப்புதான் ஹப். உள்ளே பல் வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். மூடியில் உள்ள பிடியை "லாக்" பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் அந்த வளையத்தை நகர்த்தும். ஆக்சில் ராடும் சக்கரமும் ஒன்றாகக் கோர்த்துக் கொள்ளும். "ப்ரீ" பக்கம் திருப்பினால் வளையம் விலகிவிடும். சக்கரம் மட்டும் உருளும். ஆக்சில் ராடு, கிரவுன், முன் பக்க புரொபல்லர் ஷாப்ட் எல்லாம் ஓய்வாக இருக்கும். தேய்மானம் குறையும், டீசலும் கொஞ்சம் மிச்சமாகும்.

2-வது உலகப்போர் கால ஜீப்புகளில் இந்த வசதி கிடையாது. போர் முடிந்து அந்த வண்டிகள் ஊருக்குள் ஓட ஆரம்பித்த பிறகுதான் இதன் தேவை தெரிந்தது. அமெரிக்காவில் 1948-ல் தொடங்கப்பட்ட வார்ன் நிறுவனம், பழைய ராணுவ ஜீப்புகளுக்கு இந்த ஹப்பைச் செய்து விற்றுத்தான் பெயர் வாங்கியது.

ஒன்று கோர்க்காவிட்டாலும் இரண்டும் வீண்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "ஒரு பக்க ஹப்தானே கோளாறு, இன்னொரு சக்கரம் இழுக்குமே" என்று நினைக்கிறார்கள். இழுக்காது!

சாதாரண கிரவுன் எந்தப் பக்கம் எளிதாகச் சுற்றுகிறதோ, அந்தப் பக்கமே சுற்றவிடும். இடது ஹப் கோர்க்காவிட்டால் இடது ஆக்சில் ராடு வெறுமனே சுற்றிக் கொண்டிருக்கும். வலது சக்கரத்துக்கு இழுவை கிடைக்காது. ஆக, ஒரு ஹப் போனால் 4 வீல் வண்டி வெறும் 2 வீல் வண்டிதான். இறக்கத்திலும் இதே கதைதான். என்ஜின் பிடிப்பு முன் சக்கரத்துக்கு வராது.

ஹப் கோர்க்காமல் லோ கியரைப் போட்டு முறுக்கினால் முழு பாரமும் பின் ஆக்சிலில் விழும். பின் ஆக்சில் ராடு முறியவும் வாய்ப்பு உண்டு. கொஞ்ச ரூபாயில் முடிய வேண்டிய வேலை பெரிய செலவில் கொண்டு போய் விட்டுவிடும்.

பிடி "லாக்" என்று காட்டுகிறது என்பதற்காக உள்ளே கோர்த்துவிட்டது என்று நம்பக் கூடாது. உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருந்தாலும், கிரீஸ் இறுகிப் போயிருந்தாலும் பிடி மட்டும் திரும்பும். வளையம் நகராது.

5 நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். 2 வீல் கியரில் வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டும்.

ஹப்பை "ப்ரீ"யில் வைத்து சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். "லாக்"கில் வைத்துச் சுற்றினால் கனமாக இருக்கும், ஆக்சிலுக்குள் ஏதோ சேர்ந்து சுற்றும் சத்தம் கேட்கும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையா? அந்த ஹப் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அடுத்த பக்கத்தையும் இப்படியே பார்க்க வேண்டும்.

கடைசியாக இரண்டு ஹப்பையும் "லாக்" செய்து, 4 வீல் கியரும் முதல் கியரும் போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். கொஞ்சம் ஆடி நின்றுவிட்டால் எல்லாம் சரி. தொடர்ந்து சுற்றினால் இரண்டில் ஒன்று கோர்க்கவில்லை. சக்கரம் தூக்கி இருக்கும்போது யாரும் என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

என்ன கோளாறு? எப்படித் தெரியும்?

* பிடி திரும்பவே இல்லை: சேறு, தண்ணீர் புகுந்திருக்கும் அல்லது பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கும். சில நேரம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்கும். வண்டியை ஓரடி முன்னே பின்னே நகர்த்தினால் தானாகக் கோர்த்துக் கொள்ளும்.

* "லாக்"கில் இருந்து "ப்ரீ"க்கு வரவில்லை: 4 வீல் கியரில் தார் ரோட்டில் ஓட்டியிருந்தால் உள்ளே முறுக்கம் ஏறியிருக்கும். ஸ்டியரிங்கை நேராக்கி, 2 வீல் கியருக்கு மாற்றி, கொஞ்ச தூரம் ரிவர்ஸ் வந்தால் முறுக்கம் விடும்.

* இழுக்கும்போது "டக் டக்" என்று அடிக்கிறது: வளையத்தின் பல் தேய்ந்திருக்கலாம் அல்லது பாதி மட்டும் கோர்த்து நழுவலாம். அப்படியே ஓட்டினால் மீதிப் பல்லும் போய்விடும்.

* ஹப்பே ஆடுகிறது: போல்ட் லூசாகி இருக்கும். சக்கரத்துக்குப் போகும் இழுவை முழுவதும் இந்த போல்ட்டுகள் வழியாகத்தான் போகிறது. லூசாக ஓடினால் போல்ட் முறியும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் ஹப் கெடும். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

* மூடியைத் திறந்தால் கியர் ஆயில் வழிகிறது: ஆக்சிலின் ஆயில் சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் ஹப்பை மட்டும் கழுவி மாட்டினால் மறுபடியும் அதே கோளாறுதான் வரும்.

பெரும்பாலும் கழுவினாலே போதும்

பல் தேயாமல், ஸ்பிரிங் ஒடியாமல் இருந்தால் புது ஹப் வாங்கத் தேவையே இல்லை. கழுவி மாட்டினாலே பல ஹப்புகள் சரியாகிவிடும்.

முதலில் ஹப்பைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து எடுக்க வேண்டும். பிடியை "ப்ரீ"யில் வைத்து மூடி போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் லாக் ரிங்கை அதற்கான பிளேயரால் எடுக்க வேண்டும். அது தெறிக்கும், கண் பத்திரம். கழற்றிய சாமான்களை ஒரு துணியில் வரிசையாக வைத்தால் மாட்டும்போது குழப்பம் வராது. செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

சாமான்களை மண்எண்ணை அல்லது டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாக உலர விட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. வீல் பேரிங்கில் மண்எண்ணை பட்டால் அதற்குப் புது கிரீஸ் வைத்தாக வேண்டும். பல் முனை மழுங்கி இருக்கிறதா, ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறதா, ரப்பர் ரிங் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழிந்த ரப்பர் ரிங்கையும் பேப்பர் கேஸ்கட்டையும் திரும்பப் போடவே கூடாது. தண்ணீர் புகுவது அந்த வழியாகத்தான்.

அடுத்தது கிரீஸ். "நிறைய வைத்தால் நல்லது" என்று ஹப்புக்குள் அப்பி வைப்பார்கள். அதுதான் தப்பு. பேரிங்குக்குத்தான் நிறைய கிரீஸ் வேண்டும். ஹப்பின் நகரும் பாகங்களுக்கு லேசாகத் தடவினால் போதும். அளவுக்கு மீறினால், மலைக்குளிரில் கிரீஸ் இறுகி வளையத்தை நகர விடாது.

மூடியை மாட்டியதும் பிடியைப் பல தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக முறுக்க வேண்டும். 20 கிலோ மீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பார்ப்பது அவசியம்.

இதை மட்டும் செய்யாதீங்க

பிடி திரும்பவில்லை என்றதும் பைப் ரிஞ்ச் போட்டுத் திருகுவது, சுத்தியலால் தட்டுவது கூடவே கூடாது. கையால் திருப்புவதற்காகச் செய்தது அது. உடைந்தால் மூடியோடு மாற்ற வேண்டியதுதான்.

வண்டி ஓடும்போது ஹப்பைத் திருப்ப முடியாது. சேற்றில் மாட்டிக் கொண்ட பிறகு இறங்கித் திருப்புவதைவிட, கரடுமுரடு பாதை தொடங்கும் முன்பே இரண்டையும் "லாக்" செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். 2 வீல் கியரில் ஹப் மட்டும் "லாக்"கில் இருந்தால் வண்டிக்கு எந்தக் கெடுதலும் இல்லை. காய்ந்த தார் ரோட்டில் 4 வீல் கியரோடு ஓட்டுவதுதான் கெடுதல். ஆகவே, ஹப் "லாக்"கில் சிக்கிக் கொண்டாலும் பதற வேண்டாம். 2 வீல் கியரில் பத்திரமாக வீடு வந்து சேரலாம்.

ஒரு பக்கம் "லாக்", மறு பக்கம் "ப்ரீ" என்று மட்டும் ஓட்டக் கூடாது. கிரவுனுக்குள் இருக்கும் சின்ன பல் சக்கரங்கள் ஓயாமல் சுற்றித் தேயும்.

மாதம் ஒரு தடவையாவது இரண்டு ஹப்பையும் "லாக்" செய்து கொஞ்ச தூரம் மண் ரோட்டில் ஓட்ட வேண்டும். உள்ளே எல்லாப் பல்லுக்கும் ஆயில் ஏறும், ஹப்பும் இறுகிப் போகாது. ஆற்றிலோ, வெள்ளத்திலோ சக்கரம் பாதி முங்கும் அளவு ஓட்டியிருந்தால், மழைக்காலம் முடியும் வரை காத்திருக்காமல் உடனே ஹப்பைத் திறந்து பார்ப்பது நல்லது.

காலையில் வண்டியை எடுக்கும் முன் டயரில் காற்று பார்க்கிற மாதிரி, இரண்டு ஹப்பையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க. மலையில் ஆட்களோடு மாட்டிக் கொண்டு தவிக்க வேண்டியிருக்காது.